பொதுவில் ஒரு தறி

கைவேலைக் குழு தொடங்குகிறவர்கள் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறார்கள். முதல் வாரம் பெயர் வைப்பதில் போகும். அடுத்த வாரம் முத்திரைச் சின்னம் வரைவதில் போகும். அதற்குள் யாராவது ஒருவர், நவராத்திரிக்குக் கண்காட்சி போடலாமே என்பார். கண்காட்சி முடிந்ததும் மீந்த நூலும் கணக்கு நோட்டும் ஒருவர் வீட்டுப் பரணில் ஏறிவிடும். குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

குரோஷா பின்னுகிறவருக்கும் பூத்தையல் போடுகிறவருக்கும் உண்மையில் குழு தேவையில்லை. ஊசியும் நூலும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே வேலை நடக்கும். தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று இருந்தால்தான் ஆட்கள் மறுபடியும் கூடுவார்கள். நூல் வேலையில் அப்படிப்பட்டவை இரண்டு: தறிக்கான நீள இழைகளைப் பரப்பிப் பாவு ஓட்டுவதும் சாயம் போடுவதும். பாவின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனைக்கு இன்னொருவர் வேண்டும். சாய அண்டாவை இறக்கவும் இரண்டு பேர் வேண்டும். ஆகவே இந்த அத்தியாயம் தறியையும் அண்டாவையும் நடுவில் வைத்தே பேசுகிறது. பின்னலும் பூத்தையலும் அவற்றைச் சுற்றித் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நெசவுச் 'சங்கம்' என்றால் கூட்டுறவுச் சங்கம்தான். நூல் கொடுக்கும், கூலி கொடுக்கும், நெய்த சேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் அந்தச் சேலையை விற்கும். பெண்கள் 'குழு' என்றால் மகளிர் சுய உதவிக் குழு. அங்கே சேமிப்பும் கடனும்தான் பேச்சு. நீங்கள் தொடங்கப்போவது இரண்டுமில்லை. கையால் நூல் வேலை செய்கிற ஆசை உள்ளவர்கள் ஒன்றுகூடி, கருவிகளைப் பொதுவில் வைத்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. முதல் கூட்டத்திலேயே யாராவது எழுந்து, "லோன் ஏதாச்சும் வருமாக்கா?" என்று கேட்பார். "வராது" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். "பாக்கலாம்" என்று மழுப்பினால் ஆறு மாதம் கழித்துக் கசப்புதான் மிஞ்சும்.

இப்படிச் சொல்வதால், நெசவாளர் அமைப்புக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இருந்ததில்லை என்று எண்ண வேண்டாம். நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்றில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உஷவதாதன் என்ற அரச மருமகன் 3,000 காசுகளை இரண்டு நெசவாளர் சங்கங்களிடம் வைப்பாகக் கொடுத்த செய்தி இருக்கிறது. 2,000 காசுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி, 1,000 காசுக்கு முக்கால் வட்டி. அந்த வட்டியிலிருந்து துறவிகளுக்குத் துணியும் மற்றச் செலவும். அரச குடும்பமே பணத்தை நம்பிக் கொடுக்கும் அளவுக்கு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கு வருவதற்கு முன் பணத்தைத் தொடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சந்தா வைக்கும் விதத்துக்கு 1925-இல் காந்தி தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தைப் பார்க்கலாம். முதல் வகுப்பு உறுப்பினர் மாதாமாதம் தாமே நூற்ற 1,000 கெஜம் நூலைச் சந்தாவாகச் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. முறுக்கு சரியாக, ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ரூபாயை யாரும் கொடுத்துவிடலாம். நூலை நூற்றால்தான் கொடுக்க முடியும். வேலை செய்யாத உறுப்பினர் என்ற பேச்சே அங்கே எழ வழியில்லை. நீங்கள் 1,000 கெஜம் கேட்க வேண்டாம், ஆள் ஓடிப்போகும். ஆனால் இந்த யோசனையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். மாதம் 50 அல்லது 100 ரூபாயோடு, ஆண்டுக்கு ஒரு மாதிரித் துண்டு: உள்ளங்கை அகலத்துக்கு நெய்தது, பின்னியது, சாயம் போட்டது, எதுவானாலும் சரி. அதில் ஒரு அட்டையைக் கட்டி, என்ன நூல், என்ன அளவு, எப்படிச் செய்தது என்று எழுதித் தர வேண்டும். நாலைந்து ஆண்டு போனால் அந்த மாதிரிப் பெட்டிதான் குழுவின் பெரிய சொத்தாக இருக்கும். புதிதாக வருகிறவரிடம் எதையும் விளக்க வேண்டாம், பெட்டியைத் திறந்து காட்டினால் போதும்.

யார் யார் வேண்டும்?

ஏழு பேர் போதும். பின்னால் பதிவு செய்ய நினைத்தாலும் அந்த எண்ணிக்கையே போதுமானது. ஏழில் இரண்டு பேருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்குக் கணக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஆசிரியர்களாகவோ எல்லோரும் மாணவர்களாகவோ இருக்கும் குழு நிற்பதில்லை.

வேலை தெரிந்தவரைத் தேடும்போது கவனம் தேவை. சேலம், ஈரோடு, காஞ்சிபுரம், திண்டுக்கல், பரமக்குடி என்று எந்தப் பக்கம் நீங்கள் இருந்தாலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஏதாவது ஒரு நெசவுத் தெரு இருக்கும். அங்கே ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, மாசம் ரெண்டு நாள் வந்து எங்களுக்குச் சொல்லிக்குடுங்க, உங்க கலை அழியக் கூடாது" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்கிறவருக்கு நல்லெண்ணம்தான். கேட்கப்படுகிறவருக்கோ அன்று தறி நிற்கும், கூலி போகும். ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கலையை நான் பாத்துக்கறேன். பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் யாரு பாத்துக்கறது?"

ஆகவே கூலியை முதலில் பேசிவிடுங்கள். அவர் ஒரு நாளைக்குத் தறியில் எவ்வளவு சம்பாதிப்பாரோ அதற்குக் குறையாமல், போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுங்கள். இதைச் சன்மானம் என்று உறையில் போட்டு நீட்ட வேண்டாம். கணக்கு நோட்டில் பயிற்சிக் கூலி என்றே எழுதலாம். பல நெசவூர்களில் அமாவாசையன்று தறி ஓடாது. அந்த நாளில் கூட்டம் வைத்தால் அவருக்கும் தோது. பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதை விட்டுவிட்டு அவரை நிர்வாகக் குழுவில் சேருங்கள். எந்தத் தறி வாங்குவது, எந்தக் கடையில் நூல் எடுப்பது என்பதில் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு இருக்க வேண்டும்.

இன்னொன்று. நெசவு வீட்டில் குறுக்கு இழைக்கான தார் சுற்றுவதும் பாவில் அறுந்த இழையைப் பிடித்து முடிவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். தறியில் உட்காருகிறவர் பெயர் வெளியே தெரியும், இவர்கள் பெயர் தெரியாது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவதோ இவர்கள் செய்யும் வேலைதான். அந்த அக்காவையும் கூப்பிடுங்கள். அவருக்கும் அதே கூலி.

இடம்

தறி அடிக்கும் சத்தம் சுவரைத் தாண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி வீடு சரிப்படாது, கீழ்த்தளமாகப் பாருங்கள். பள்ளி வகுப்பறை சனி, ஞாயிறில் கிடைக்கும் என்றாலும் திங்கட்கிழமை காலையில் தறியைத் தூக்கி ஓரம் வைக்கச் சொல்வார்கள். பாவு ஏற்றிய தறியை அடிக்கடி தூக்கினால் இழுப்பு தளர்ந்துவிடும். ஊர் நூலகத்தின் பின்பக்க அறை, பயன்படாமல் கிடக்கும் பழைய ரேஷன் கடைக் கட்டடம், யாராவது ஒருவரின் கார் நிறுத்தாத போர்டிகோ என்று தேடுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் நல்லது; நிறத்தைச் சரியாகப் பார்க்கலாம். தண்ணீர்க் குழாய் கட்டாயம். எலி இல்லாத இடமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கஞ்சி போட்ட பாவு என்றால் எலிக்குக் கொள்ளை ஆசை.

மாதம் இரண்டு முறை, அதே நாள், அதே நேரம், மூன்று மணி நேரம். வராதவர்களுக்காக நாளை மாற்றாதீர்கள். ஒரு முறை மாற்றினால் பிறகு ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லுவார்கள். கூட்டத்தில் பேச்சு அரை மணிக்கு மேல் போகக் கூடாது. கையில் வேலையில்லாமல் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு விதியே வைத்துவிடலாம். பொறுப்பாளருக்கும் இது பொருந்தும், அவருக்குத்தான் முக்கியமாகப் பொருந்தும்.

என்ன வாங்குவது?

முதல் ஆண்டுக்குப் பட்டியல் சிறியது. நூற்பதற்கு ஆளுக்கு ஒரு தக்களியும் கொஞ்சம் பஞ்சுப் பட்டையும். மேசையில் வைக்கும்படியான ஒரு தறி. பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுது இரண்டு இருந்தாலும் போதும், நாலு இருந்தால் கோடு, கட்டத்தைத் தாண்டிப் போகலாம். சுவரில் மாட்டும் பாவுப் பலகை, அதில் உறுதியாக நிற்கும் முளைகள். ஒரு கிராம்வரை துல்லியமாகக் காட்டும் தராசு. எவர்சில்வர் அண்டா இரண்டு, கரண்டி இரண்டு. இவை ஒருநாளும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஒரு பூட்டுப் போட்ட அலமாரி. இராட்டை கிடைத்தால் நல்லது, ஆனால் அவசரமில்லை. பழைய சர்வோதயக் காலத்துப் பெட்டி இராட்டை ஏதாவது வீட்டில் தூசி படிந்து கிடக்கும். விசாரித்தால் சும்மாவே கொடுப்பார்கள். நூற்பு ஆலை மாதிரி பல கதிர்களை ஒரே கைப்பிடியில் ஓட்டும் அம்பர் சர்க்காவைக் கண்டுபிடித்த ஏகாம்பரநாதன் நம் தமிழ்நாட்டுக்காரர். அந்தப் பெயரின் 'அம்பர்'தான் இயந்திரத்துக்கும் வந்தது. அதையும் ஒன்று வாங்குவோமே என்று ஆசைப்படுவார்கள். பழுது பார்க்க ஆள் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

கருவி இரவல் நோட்டில் நாலு கட்டம் போதும்: பொருள், வாங்கியவர், தேதி, திரும்பியபோது இருந்த நிலை. கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'தறி நாடாவின் முனை பிசிறு' என்று எழுதி வைத்தால் அடுத்தவர் அதைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு எடுத்துப் போவார். எழுதாவிட்டால் அவர் பாவு அறுபடும், யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியாது.

முதல் பொதுப் பாவு

ஒரே பாவில் எட்டுப் பேர் ஆளுக்கொரு கைத்துண்டு நெய்வதுதான் முதல் வேலை. ஒவ்வொருவரும் தனியாகப் பாவு ஓட்டினால் தறிக்கழிவு எட்டு மடங்கு. பொதுவில் ஓட்டினால் ஒரு முறைதான்.

நூல் எண்ணை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நூலின் எண். 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம். எண் ஏற ஏற இழை மெல்லிசாகும். 2/10 என்று கடையில் எழுதியிருந்தால் 10-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது. தடிமனில் 5-ஆம் நம்பருக்குச் சமம். பவுண்டுக்கு 4,200 கெஜம், நம் கணக்கில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ எட்டரை மீட்டர். புதியவர்களுக்கு 2/10 நல்ல நூல். கையில் பிடிபடும், சட்டென்று அறாது. வீட்டு உபயோகத் துணி நெய்யும் கரூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். வழக்கமான கட்டு 4.54 கிலோ, அதாவது 10 பவுண்டு. அவ்வளவு உங்களுக்கு வேண்டாம். பக்கத்து ஊர்க் குழுவோடு பங்கு போட்டுக்கொள்ளலாம், அல்லது உதிரியாக விற்கும் கடையைப் பிடியுங்கள்.

இனி நெருக்கம். ஒரு அங்குலத்தில் எத்தனை பாவிழை வேண்டும் என்பதை நூலே சொல்லிவிடும். அளவுகோலில் ஒரு அங்குலத்துக்கு நூலை ஒன்றையொன்று தொடும்படி, ஏறாமல், இறுக்காமல் சுற்றுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிப் பாதியாக்குங்கள். ஒன்று விட்டு ஒன்று போகும் சாதா நெசவுக்கு அதுதான் இழைக் கணக்கு. ஏன் பாதி என்றால், மீதிப் பாதி இடத்தில் குறுக்கே போகும் ஊடை இழை நுழைய வேண்டும். 2/10 நூலுக்கு 24 அளவில் வரும். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு முறை சுற்றிப் பாருங்கள். 22 முதல் 28 வரை எட்டு விடை வரும். இறுக்கிச் சுற்றியவர் யார், தளர்த்திச் சுற்றியவர் யார் என்பது அப்போதே தெரிந்துவிடும். அதே கைதான் நாளைக்குத் தறியிலும் அடிக்கப் போகிறது.

அகலம் 18 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை: மொத்தம் 432 இழை. நீளத்துக்கு, தறியில் 75 செ.மீ. நெய்தால் கழுவிய பிறகு ஏறத்தாழ 68 வரும். நெசவில் இழை மேலும் கீழும் வளைந்து போவதால் சுருங்கும் அளவையும் துண்டுக்குத் துண்டு விடும் இடைவெளியையும் சேர்த்து ஆளுக்கு 85 செ.மீ. வையுங்கள். எட்டுக்கு 6 மீட்டர் 80. தறியில் கட்டுவதற்கும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்பதற்கும் 70 செ.மீ. ஆக, பாவு ஏழரை மீட்டர். 432 இழை, ஏழரை மீட்டர் என்றால் 3,240 மீட்டர் நூல், எடையில் 385 கிராம் அளவு. ஊடைக்கு எட்டுத் துண்டுக்கும் சேர்த்து 300 கிராம். அறுவதும் வீணாவதும் உண்டு. ஒரு கிலோவாக வாங்கிவிடுங்கள்.

பாவு ஓட்டும்போது ஒரு ஓரத்தில் இழைகள் 8 வடிவில் ஒன்றுக்கொன்று குறுக்கே போக வேண்டும். எந்த இழைக்கு அடுத்து எந்த இழை என்ற வரிசை அந்தக் குறுக்கில்தான் நிற்கிறது. அங்கே நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டுத்தான் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். கட்டாமல் எடுத்தால் 432 இழையும் சிக்குப் பிடித்த தலைமுடிதான்.

தறிக்கு ஏற்றும்போது ஒருவர் உருளையைச் சுற்ற, இன்னொருவர் எதிரே நின்று பாவை இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் சுற்றுக்குச் சுற்று தடித்த தாளை நடுவே விட வேண்டும். தாள் இல்லாவிட்டால் மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து, சில இழை தொய்யும், சில விறைக்கும். பிறகு விழுதில் கோப்பு. பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறுக்கிலிருந்து இழையை வரிசையாக எடுத்து நீட்ட, முன்னால் ஒருவர் கொக்கியால் விழுதுக் கண்ணுக்குள் இழுப்பார். அடுத்தது அச்சு. இந்த வேலைக்கு ஒரு முழுக் கூட்டம் போய்விடும், சில நேரம் இரண்டு. அலுப்பு வரும். ஆனால் குழு குழுவாவது இங்கேதான். எதிரெதிரே மணிக்கணக்கில் இழை கொடுத்து இழை வாங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் பேசாமல் இருக்க முடியாது. மகளின் கல்யாணம், மாமியாரின் முட்டி வலி, கேஸ் சிலிண்டர் விலை எல்லாம் வந்துவிடும். நடுவில் "இரு, ஒரு கண்ணு விட்டுட்டோம்" என்று பத்து இழை பிரிப்பார்கள். பிரிக்கட்டும். விட்டுப்போன ஒரு கண், ஏழரை மீட்டருக்கும் கோடாகத் தெரியும்.

நெய்வதற்கு முறை வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு வாரம் என்று. தம் முறையில் வராதவர் வரிசையில் கடைசிக்குப் போவார். ஊடை நிறத்தை அவரவர் தேர்ந்துகொள்ளலாம். பாவு எல்லோருக்கும் ஒன்றுதான். எட்டும் முடிந்து அறுத்துத் தரையில் விரித்தால், ஒரே பாவில் எட்டு விதமான கை தெரியும். ஒன்றில் ஓரம் உள்ளே வாங்கியிருக்கும், ஒன்றில் அடி நெருங்கி அட்டை மாதிரி விறைத்திருக்கும். அந்தப் பெரியவர் அப்போது கூட இருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, "இங்க நாடா வந்து நின்னிருக்கு, நூலை இழுத்துட்டே அடிச்சிருக்கீங்க" என்பார். புத்தகத்தில் படித்து வருவதில்லை அது.

சாய நாள்

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். மழைக்காலம் வேண்டாம், காயாது.

பருத்திக்குச் சாயம் சும்மா ஏறாது. முதலில் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். பழுப்புத் தண்ணீர் இறங்கும். அது நூலில் இருந்த மெழுகும் அழுக்கும். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் இன்னொரு முறை கொதிக்க வேண்டும். உடனே உறிஞ்சினால் சரி. பிறகு 100 கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி, ராத்திரி முழுக்க ஊறல். மறுநாள் பிழிந்து, அலசாமல், 15 முதல் 20 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில். இதற்குப் பிறகுதான் சாயம். மஞ்சிட்டி வேர்ப்பொடி நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். செங்கல் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பு வரை தரும். கோயில் மாலையிலிருந்து உதிர்ந்த செண்டுமல்லியைக் கேட்டு வாங்கிவந்தால் நல்ல மஞ்சள். கடுக்காயில் ஊறிய நூலை, துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் தோய்த்தால் கண்ணெதிரே சாம்பலாகிக் கறுக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம். அந்தத் தண்ணீரில் அதிக நேரம் வைத்தால் நூல் இற்றுப்போகும், கவனம்.

சமையல் மஞ்சள்தூளை எல்லோரும் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். நிறம் பளிச்சென்று வரும், வெயிலில் ஓடிவிடும். இதை வாயால் சொல்ல வேண்டாம். எந்தச் சாயம் போட்டாலும் கொஞ்சம் நூலை அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். திறந்து பார்த்தால் எது நிற்கும், எது ஓடும் என்று தெரியும். இந்தச் சோதனை செய்யாத நூலை யாருக்கும் விற்கவோ பரிசளிக்கவோ கூடாது. சாய நோட்டில் நூலின் எடை, பொடியின் எடை, தண்ணீர் அளவு, எவ்வளவு நேரம், எந்த ஊர்த் தண்ணீர் என்பவை இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊரில் வந்த நிறம் ஆற்றுத் தண்ணீர் ஊரில் வராது.

அவுரியை முதல் ஆண்டு தொட வேண்டாம். நீலம் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அந்தத் தொட்டியை நாள்தோறும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், காரத்தைக் கையாளத் தெரிய வேண்டும். திண்டிவனம் பக்கம் அவுரி விளைவித்துச் சாயம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கழிவு நீரைப் பற்றி ஒரு சொல்: செடிச் சாயம்தானே என்று சாக்கடையில் ஊற்றும் பழக்கம் வேண்டாம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்பதும், 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் நமக்குத் தெரியும். அளவு சிறியது என்பது சாக்கல்ல. படிகாரத் தண்ணீரை மறுமுறை பயன்படுத்துங்கள். மிச்சத்தை நிறையத் தண்ணீர் கலந்து, செடி இல்லாத மண்ணில் விடுங்கள்.

பதிவும் பணமும்

ஓராண்டு ஒழுங்காகக் கூடிய பிறகு பதிவைப் பற்றி யோசிக்கலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. ஏழு பேர் கையெழுத்து, சங்கத்தின் நோக்கம், துணை விதிகள். ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு, கணக்குத் தாக்கல். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், நெசவாளர் சேவை மையத்துக்கோ சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்துக்கோ பயிற்சி கேட்டுக் கடிதம் எழுதும்போது எடுபடும். தாக்கல் செய்ய ஆள் இல்லையென்றால் பதிவு செய்யாமலே இருங்கள். நோட்டும் பூட்டுப் பெட்டியும் போதும்.

விற்பனையை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடச் சொன்னால் சிலருக்கு வருத்தம். காரணம் இருக்கிறது. விற்கத் தொடங்கியதும் விற்கிற பொருளை மட்டும் செய்வார்கள், கற்றுக்கொள்வது நின்றுபோகும். விலை வைப்பதில் சண்டை வரும். பொழுதுபோக்காக நெய்தவர் தம் உழைப்புக்குக் கூலியே போடாமல் 150 ரூபாய்க்குத் துண்டை விற்றால், அதே சந்தையில் பிழைப்புக்கு நெய்கிறவரின் விலையும் சேர்ந்து விழும். உங்கள் குழுவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவரின் விலைதான் அது. விற்பதானால் நூல், சாயம், மணிக்கணக்கு மூன்றையும் எழுதி, மணிக்கு என்ன கூலி என்று அவரையே கேட்டு, அதற்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று முடிவெடுங்கள்.

அடுத்தவர் வேலையைப் பார்த்துச் செய்வது கற்கும்போது தப்பில்லை. தோடர் பூத்தையலில் துணியில் கோடு வரையாமல் இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். அதைப் பழகிப் பார்த்தால் கண்ணுக்கும் விரலுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. தோடர் பூத்தையலும் பவானி ஜமுக்காளமும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை. பெயர் அந்த மக்களுக்குச் சொந்தம்.

ஆள் கூடிக்கொண்டே போய் முப்பதைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்துவிடுங்கள். ஒரு தறிக்கு முப்பது பேர் என்றால் முறை வருவதற்குள் நெய்தது மறந்துபோகும். மனத்தாங்கல் வருவதற்கு முன் பிரிந்தால் சாய நாளுக்காவது சேர்ந்து கூடலாம்.

கடைசியாக ஒன்று, இதை விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். குழு கலைந்தால் தறி யாருக்கு? இன்னாருக்கு என்று பெயர் போடாமல், பக்கத்துப் பள்ளிக்கு என்றோ வேறொரு குழுவுக்கு என்றோ எழுதுங்கள். மாதிரிப் பெட்டியும் சாய நோட்டும் ஊர் நூலகத்துக்கு. எழுதாமல் விட்ட ஊர்களில் தறி இன்னும் யார் வீட்டிலோ துணி காயப்போடப் பயன்படுகிறது.